நீரிழிவும் இரத்த அமுக்கமும்

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொல்லிவிட்டால், முதலில் தண்டனை பெறுவது சீனிப் போத்தல்தான். தேநீர் சீனியின்றி வருகிறது. கூடவே கடித்துக்கொள்ளும் பனங்கட்டித் துண்டும் நின்றுபோகிறது. ஆனால், மத்தியானச் சோற்றுடன் பொரித்த கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வருவதை எவரும் தடுப்பதில்லை. “சீனிதானே கூடாது?” என்று நாம் சமாதானம் கூறிக்கொள்கிறோம். இந்தச் சமாதானம் எத்துணை ஆபத்தானது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

நீரிழிவு உள்ளவர்களிற் பலருக்கு இரத்த அமுக்கமும் உயர்ந்திருப்பது தற்செயலன்று. இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சீனி, நாளடைவில் இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து அவற்றின் நெகிழ்ச்சியைக் குறைக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. இவற்றால் அமுக்கம் ஏறுகிறது. ஏறிய அமுக்கமோ ஏற்கெனவே நலிந்த குழாய்களை மேலும் வருத்துகிறது. கண்ணும் சிறுநீரகமும் மூளையும் இதயமும் இவ்விரு நோய்களுக்கும் பொதுவான இலக்குகளாகும். இத்தனை தீங்கு நடந்துகொண்டிருக்கும்போதும் நோயாளி பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை. தலையிடி வந்தபின் பார்ப்போம் என்று காத்திருப்பது பேதைமை.

அமுக்கத்தைக் குறைப்பதால் விளையும் நன்மையை, பிரித்தானியாவில் நடைபெற்ற பெரும் ஆய்வொன்று 1998ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. இரு நோய்களும் உள்ள 1148 பேர் இரு பிரிவினராக எட்டு ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் சராசரி அமுக்கம் 154/87. கூடுதற் கவனத்துடன் சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவினருக்கு 144/82. மேல் எண்ணில் வேறுபாடு பத்துத்தான். ஆயினும், கவனமாகக் கட்டுப்படுத்தப்பட்டவர்களிடையே பாரிசவாதம் 44 வீதமும், நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 வீதமும் குறைந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. ஆய்வு முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்குள் இரு பிரிவினரின் அமுக்கமும் ஒன்றாகிவிட்டது. முன்னர் கண்ட நன்மையும் நிலைக்கவில்லை என்று 2008இல் அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடு உள்ளவரையே பலனும் உண்டு என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். “அமுக்கம் சரியாகிவிட்டது, இனிக் குளிசை எதற்கு?” என்று நிறுத்திவிடுவோர் நம்மிடையே எத்தனை பேர்! அமுக்கம் சரியாக இருப்பதே குளிசையினால் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை எவை? கிளினிக்குக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் சீனியோடு அமுக்கத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் அவசியம். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேநீரும் புகைத்தலும் ஆகா. 130/80க்குக் கீழ் வைத்திருத்தலே இன்று பலருக்கும் கூறப்படும் இலக்கு. முதியோருக்கு அது மாறுபடலாம், வைத்தியரே தீர்மானிப்பார். ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதித்தால், சிறுநீரகப் பழுதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். குளிசையால் எழும்போது தலை சுற்றினால், தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உப்பு, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி அளவே. கருவாட்டிலும் ஊறுகாயிலும் மறைந்துள்ள உப்பும் அதனுள் அடங்கும். நோயாளிக்கெனத் தனிச் சமையல் வேண்டியதில்லை. வீட்டார் அனைவருமே உப்பைக் குறைத்து உண்டால், அவருக்கும் அது தண்டனையாகத் தோன்றாது. பிள்ளைகளின் நாவும் இளமையிலேயே பழகிவிடும்.

சீனிப் போத்தலை ஒளித்துவைத்த கைகளே இனி உப்புச் சிரட்டையையும் சற்றுத் தள்ளிவைக்கட்டும்.