அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் கேசா? பயம் வேண்டாம்! பைபிள் கதை பெயரில் சட்டமே இருக்கு!

ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். அண்ணா சாலையாக இருக்கலாம், ஜி.எஸ்.டி. ரோடாக இருக்கலாம். "டமார்" என்று ஒரு சத்தம். ஸ்கூட்டரில் வந்தவர் ரத்த வெள்ளத்தில் கிடப்பார்.

ஒரு நிமிஷத்தில் 50 பேர் கூடி விடுவார்கள். "ஐயோ பாவம்" என்பார் ஒருவர். செல்போனில் படம் பிடிப்பார் இன்னொருவர். வாலிபர் ஒருவர் குனிந்து தூக்கப் போனால் பின்னால் இருந்து குரல் வரும். "தம்பி, தொடாதே! போலீஸ் கேஸ். அப்புறம் கோர்ட்டுக்கு நீதான் அலையணும்!"

வாலிபர் கையை இழுத்துக் கொள்வார். கீழே கிடப்பவரின் உயிர் போய்க் கொண்டிருக்கும்.

நாளுக்கு 49 பேர்

2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64 ஆயிரத்து 105. செத்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். கணக்குப் போட்டால் நாளுக்கு 49 பேர்! தக்க நேரத்தில் உதவி கிடைத்தால் விபத்தில் சாகிறவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்று சட்ட கமிஷன் 2006-லேயே சொல்லி விட்டது.

ஜனங்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் என்றாலே பயம்!

இந்தப் பயத்தைப் போக்கத்தான் ஒரு சட்டம் வந்தது. அதில் உதவி செய்பவருக்கு வைத்த பெயர் "நல்ல சமாரியன்". பைபிளில், லூக்கா சுவிசேஷத்தில் வரும் ஆள் அவர்.

யார் அந்த சமாரியன்?

சட்டம் படித்த ஒருவர் ஏசுவிடம், "அடுத்தவன் என்றால் யார்?" என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு ஏசு சொன்ன கதை இது.

எருசலேமில் இருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை. திருடர்கள் ஒருவனை அடித்து, துணியையும் பிடுங்கிக் கொண்டு, குற்றுயிராகப் போட்டு விட்டார்கள். அந்த வழியே ஒரு குரு வந்தார். பார்த்தார். விலகிப் போய் விட்டார். கோவில் வேலை பார்க்கும் லேவியர் வந்தார். அவரும் அப்படியே!

மூன்றாவதாக வந்தவர் சமாரியர். அந்தக் காலத்தில் யூதருக்கும் சமாரியருக்கும் ஆகாது. ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகை புரியும்.

அந்த சமாரியர்தான் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டுப் போட்டார். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தார். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு நாள் கூலிப் பணத்தைக் கொடுத்தார். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லி விட்டுப் போனார்.

சட்டம் என்ன சொல்லுது?

2016 மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, உதவி செய்பவர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகன சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-ல் விதிகளும் வந்தன.

உதவினவரின் பெயர், விலாசத்தைச் சொல்லச் சொல்லி போலீசாரோ, ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. நல்ல எண்ணத்தோடு, பலன் எதிர்பாராமல் உதவியும் உயிர் போய் விட்டால், உதவினவர் மேல் கேஸ் போட முடியாது. சாட்சி சொல்வது அவர் இஷ்டம். சம்மதித்தால், அவர் வீட்டிலோ கடையிலோ, அவருக்கு வசதியான இடத்தில், போலீசார் மப்டியில் வந்து விசாரிக்க வேண்டும்.

போலீஸ் வரட்டும் என்று டாக்டரும் காத்திருக்கக் கூடாது. முதலில் சிகிச்சை என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி இருக்கிறது. தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

கடைக்காரர்கள் கவனிக்க!

கடை வாசலில் விபத்தா? முதலில் 108-க்கு போன் போடுங்க. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்க. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ, சோடாவோ ஊற்றாதீங்க. மூச்சுக் குழாய்க்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் நாலு பேர் சேர்ந்து கண்டபடி தூக்காதீங்க. கூட்டத்தை விலக்கிக் காற்று வர விடுங்க.

பிரமாதமான காரியம் எதுவும் இதில் இல்லை. ஒரு போன், ஒரு துணி, பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

பைபிள் கதையில் அடிபட்டவர் பேரும் கிடையாது, காப்பாற்றியவர் பேரும் கிடையாது. யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர், என்ன சாதி என்று அந்த சமாரியர் விசாரித்துக் கொண்டு நிற்கவில்லை. இன்றைக்கும் பேர் சொல்லாமல் உதவி விட்டு, அடுத்த பஸ்சைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம். யாரும் தடுக்க முடியாது!