வலை கையில் இருந்தால் மட்டும் மீனவர் ஆகிவிட முடியுமா?

டேபிள்டாப் ரோல்பிளேயிங்னா டைஸ் உருட்டி, குரலை மாத்திப் பேசுறதுன்னு பலர் நினைக்கிறாங்க. 1974ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பத்தியும் இந்த எண்ணம் இருக்கு. குரல் மாத்துறது சுவாரசியம்தான், ஆனா அது இல்லாமலும் நல்லா ஆடலாம். பாத்திரத்துக்கு என்ன தெரியும், என்ன வேணும், எதை இழக்க முடியாது? இந்த மூணையும் வச்சு முடிவெடுத்தா அதுதான் நல்ல ரோல்பிளே.

மீன்பிடியை வச்சே ஒரு விளையாட்டு இருக்கு: ஃபிஷ் பேங்க்ஸ். 1972ல் வெளிவந்த 'லிமிட்ஸ் டு க்ரோத்' நூலாசிரியர்களில் ஒருவரான டென்னிஸ் மெடோஸ் உருவாக்கியது. ஒவ்வொரு அணியும் ஒரு மீன்பிடிக் கம்பெனி. படகு வாங்கி, ஆழ்கடலுக்கோ கரையோரத்துக்கோ அனுப்பணும். கடைசியில யாருக்குச் சொத்து அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. பெரும்பாலும் சில சுற்றுகளிலேயே கடல் காலி. உடனே "மனுஷனே பேராசைக்காரன்"னு முடிவு கட்டிடுறோம். ஆனா அந்தப் பாத்திரத்துக்குப் பணத்தைத் தவிர வேற எதுவுமே தரப்படலையே!

இப்போ பழவேற்காட்டுக்கு வாங்க. ஏரி முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இறால் வலை கட்ட 'பாடு' முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வச்சுப் பிடிப்பாங்க. எந்த நாள், எந்த இடம், யாருக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு.

இந்த ஊர் மீனவரா நீங்க ஆடுறீங்கன்னு வைங்க. இன்னைக்கு இறால் நல்லா ஓடுது. வியாபாரிக்குக் கடன் பாக்கி. ஆனா முறை அடுத்த ஊருக்கு. கம்பெனி முதலாளி மாதிரி யோசிச்சா வலையை இறக்கிடுவீங்க. மீனவரா யோசிச்சா ஊர்ப் பஞ்சாயத்து, சம்பந்தி வீடு, நாளைக்கு வரப்போற நம்ம முறை எல்லாம் கண் முன்னாடி நிக்கும். முறையை மீறினாலும் தப்பில்லை, என்ன போகும்னு தெரிஞ்சு மீறணும்.

அதுக்காகப் பாடு முறையைப் புனிதமாக்கவும் வேணாம். தண்ணியில கையால தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் பங்கு கிடையாது. மேசையில அவங்களுக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தா, "நியாயமான ஒழுங்கு"ன்னு நாம சொன்னதை அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டிவரும்.

அடுத்த தடவை ஆட உட்காரும்போது, பாத்திரம் எழுதுற தாளில் பலம், பணத்தோட இன்னும் ரெண்டு வரி சேருங்க: நான் யாருக்குக் கடமைப்பட்டவன்? எந்தக் கதவு எனக்கு மூடியிருக்கு? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா, நடிப்புத் தானா வரும்.