காதில் விழுந்து கரைந்த சொல்



அட்டாளைச்சேனையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய மூத்தம்மா, "எந்த ஊரு மனே?" என்று என்னிடம் கேட்பார். சொல்வேன். தேநீர் ஆறுவதற்குள் அதே கேள்வி மீண்டும் வரும். "இப்பதானே அவர் சொன்னாரு!" என்று பேரப்பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். ஆனால், பழைய நாட்டுக்கவி ஒன்றின் முதலடியை யாரேனும் எடுத்துக் கொடுத்தால், மீதியை அவர் தடுமாறாமல் பாடி முடிப்பார். வைத்தியர் இதனை அல்சைமர் நோய் என்றார்.

இளமையிற் கற்ற கவி நிற்க, இப்போது கேட்ட சொல் ஏன் நிற்பதில்லை?

செவி நினைவின் உச்சத்தை நம் இலக்கிய உலகு அவதானக் கலையிற் கண்டிருக்கிறது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அவையோரின் வினாக்களுக்கு விடையளித்துக்கொண்டே, இடையிடையே ஒலிக்கும் மணியோசையையும் எண்ணி வைப்பது அவதானிகளின் வழக்கம். அதே 1907இல்தான் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், நினைவு குன்றி இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களைக் கட்டுரையாக வெளியிட்டார்.

கேட்ட சொல் முதலிற் சில விநாடிகளே மனத்துள் ஒலித்துக்கொண்டிருக்கும். தொலைபேசி இலக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துக் காப்பாற்றுகிறோமே, அதுபோல. 1974இல் அலன் பாட்லி, கிரகாம் ஹிட்ச் என்னும் உளவியலாளர் இத்தகைய நினைவை விளக்கினர். அச்சொல் நிலைபெற வேண்டுமானால், மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸ் அதனைப் பதிய வேண்டும். இந்நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. கவனத்துக்கும் பதிவுக்கும் துணைநிற்கும் அசெற்றைல்கோலின் என்ற, நரம்புக்கலங்களிடையே செய்தி காவும் இரசாயனமும் குறைந்துவிடுகிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற டொனெபெசில் என்னும் மருந்து, எஞ்சியுள்ள இரசாயனம் விரைவிற் சிதையாமல் தடுக்கிறது, நோயை நிறுத்துவதில்லை.

ஆகவே, ஊர்ப் பெயரை உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் மூத்தம்மா சொல்லிவிடுவார். காதிற் குறையில்லை, கேட்டது பதியவில்லை. கவியோ பலகாலம் பாடிப் பாடி ஊறியது. எதுகையும் மோனையும் இராகமும் அடுத்த சொல்லைக் கைபிடித்து அழைத்து வருகின்றன.

இதனை அறிந்தால் நம் பேச்சும் மாறும். வானொலியின் சத்தத்தைத் தணித்துவிட்டு, முகம் பார்த்து, சிறிய வசனமாக, ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் சொல்லலாம். "இப்பதானே சொன்னேன்" என்பது அவருக்கு விளக்கமன்று, தண்டனை. நமக்குப் பத்தாவது முறையாகக் கேட்கும் கேள்வி, அவருக்கு முதற் கேள்வியே.

இப்போதெல்லாம் நான் ஊர்ப் பெயரை முதன்முறை போலவே சொல்கிறேன். பிறகு ஒரு கவியடியை எடுத்துக் கொடுக்கிறேன். மூத்தம்மா தொடர்கிறார். பேரப்பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள்.