அரிஷ்டம்: வைத்தியர் சொல்லாமல் விட்ட சேதி

"இனிமே பத்தியம் எதுவும் வேண்டாம், வாய்க்குப் பிடிச்சதைக் கொடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தியர் செருப்பை மாட்டிக்கொண்டால், அந்தக் காலத்துப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அதற்குமேல் அவர் வாய் திறக்கமாட்டார். இது கூச்சமல்ல, சாஸ்திரத்தின் கட்டளை. மரணக்குறி தெரிந்தாலும் கேளாமல் சொல்லக்கூடாது. கேட்டாலும், நோயாளியையோ மற்றவரையோ அது தாக்கும் என்றால் சொல்லக்கூடாது என்று விதிக்கிறது சரக சம்ஹிதை.

இந்தக் குறிகளுக்கு ஆயுர்வேதத்தில் 'அரிஷ்டம்' என்று பெயர். (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயப்படாதீர்கள்!) சரகத்தில் 'இந்திரிய ஸ்தானம்' என்ற பகுதியின் 12 அத்தியாயங்களும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பழத்துக்கு முன்னால் பூ, நெருப்புக்கு முன்னால் புகை, மழைக்கு முன்னால் மேகம். அதுபோல மரணத்துக்கு முன்னால் அரிஷ்டம் என்பது சுச்ருதர் கணக்கு. தீராத நோயில் கைவைத்தால் பொருளும் பெயரும் போகும் என்று சரகர் ஒளிக்காமலே எழுதியிருக்கிறார். வைத்தியருக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா!

குறிகளைப் படித்தால், எவ்வளவு உன்னிப்பாக நோயாளியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கிறது. எப்போதும் துடிக்கவேண்டிய இடம் துடிக்காமலிருப்பது, சூடாக இருக்கவேண்டிய இடம் சில்லிட்டுப் போவது, மூச்சு அளவுக்கு மீறி நீள்வது அல்லது குறுகுவது, தலைமுடியை இழுத்தால் வலியில்லாமல் கையோடு வருவது, விரலைச் சொடுக்கினால் சொடுக்கு விழாதது என்று அடுக்கிக்கொண்டே போகிறார் சரகர். குளித்துச் சந்தனம் பூசியவருக்கு உடம்பெல்லாம் ஈரமிருக்க மார்பு மட்டும் முதலில் உலர்ந்தால் அரை மாதம் தாங்காது என்று கெடுவேறு!

எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அருந்ததி நட்சத்திரம் கண்ணில் படாதவருக்கு ஒரு வருஷம்தான் ஆயுள் என்கிறார்கள். பட்டணத்து விளக்கு வெளிச்சத்தில், கண்புரை வந்த பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? ஒட்டகத்தின் மேலேறித் தெற்கே போவதாகக் கனவு கண்டால் ஆகாது என்றும் இருக்கிறது. ஆனால் பார்த்தது, கேட்டது, அனுபவித்தது, ஆசைப்பட்டது, கற்பனை செய்தது ஆகியவற்றால் வரும் கனவுகளுக்குப் பலனே இல்லை என்று சொன்னவரும் சரகர்தான். நாம் காணும் கனவில் முக்கால்வாசி அதில் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். நோயாளியின் உடம்பில் பூவாசம் வீசினாலும், உடம்பு இனித்து ஈ மொய்த்தாலும் பிழைக்கமாட்டார் என்றது பழைய நூல். இன்று சர்க்கரை வியாதிக்காரரின் மூச்சில் பழவாசம் வந்து, வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் என்று சேர்ந்தால் அது ரத்தத்தில் அமிலம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். 1922க்கு முன் அதற்கு வழியே கிடையாது. அந்த வருஷம்தான் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குப் போடப்பட்டது. ஆகவே, "விதி முடிஞ்சுடுத்து" என்று உட்கார்ந்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நேற்றுவரை நடமாடியவருக்குத் திடீரென்று கைகால் சில்லிட்டாலும் அப்படியே.

நாள்பட்ட நோயில், இனி சிகிச்சையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டவர் விஷயம் வேறு. சாப்பாடு குறையும், தூக்கம் கூடும், சிறுநீர் குறையும். பாதமும் முட்டியும் குளிர்ந்து நீலம் பாரிக்கும். மூச்சு வேகமெடுத்து, மெல்ல அடங்கி, சில விநாடி நின்று, மறுபடி கிளம்பும். இந்த மூச்சைப் பற்றி ஜான் செய்ன் என்ற டாக்டர் 1818-ல் எழுதிவைத்தார். மூச்சு மாறுவதைச் சரகர் முன்பே கவனித்திருக்கிறார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை, பக்கத்திலிருப்பவர்களுக்குத்தான் பதைப்பு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலி தெரிந்தால் டாக்டரிடம் கேளுங்கள், அதற்கு மருந்து உண்டு.

கஞ்சியை வற்புறுத்திப் புகட்டவேண்டாம். பசி அடங்கியதால்தான் சாப்பிடவில்லை. உங்கள் கவனிப்பில் குறையில்லை. காது கடைசிவரை கேட்கலாம், அதனால் கட்டிலருகே சொத்துப் பேச்சு எதுவும் வேண்டாம். நம் வழக்கப்படி பால் விடுவதானால், விழுங்க முடியாதவருக்குக் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சுத்தமான துணியைப் பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டில் ஒற்றினால் போதும்.