மிஞ்சினாலும் தளர்ச்சி, குறைந்தாலும் தளர்ச்சி

நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்து, தசையிலுள்ள ஏற்பிகளில் படிந்து அதைச் சுருங்கச் செய்கிறது. வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைத்தளர்ச்சி நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே பெரும்பாலும் அந்த ஏற்பிகளைத் தாக்குவதால், இமை தொங்குவதும், பார்வை இரட்டையாவதும், முற்றிய நிலையில் விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமற்போவதும் நேர்கின்றன. அந்த நொதியைத் தடுக்கும் பைசோஸ்டிக்மினைச் செலுத்தினால் தளர்ந்த தசை சிறிது நேரமேனும் மீள்கிறது என்பதை, 1934-இல் இங்கிலாந்தின் கிரீன்விச்சில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற மருத்துவர் காட்டினார். நொதியைத் தடுக்கும் அதே வழியில் செயல்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையே இன்று இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படுகிறது.

அசிட்டைல்கோலின் இயங்கும் உறுப்புகளிலெல்லாம் இம்மருந்தின் விளைவும் தெரியும் என்பதை உணர்ந்தால், எந்த நோயோடு இது ஒத்துப்போகாது என்பது விளங்கிவிடும். குடலும் சிறுநீர்ப்பையும் வலிந்து சுருங்குவதால் அவற்றின் பாதையில் அடைப்புள்ளவர்களுக்கு இதைத் தரலாகாது. மூச்சுக்குழல் இறுகிச் சளி பெருகுவதால் ஆஸ்துமா நோயாளிகளுக்கும், இதயத்துடிப்பு குறைவதால் ஏற்கெனவே துடிப்பு மந்தமானவர்களுக்கும் மிகுந்த கவனத்துடனேயே தரப்படுகிறது. மருந்து பெரிதும் சிறுநீரக வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க நேரிடும்.

மற்ற மருந்துகளோடு நேரும் முரண்கள் இவ்வளவு வெளிப்படையானவை அல்ல. தொற்றுக்குத் தரப்படும் ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் நரம்பின் செய்தி தசையை எட்டவிடாமல் தடுத்து, பைரிடோஸ்டிக்மின் தந்த வலுவைப் பறித்துவிடக்கூடும். ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள் துடிப்பை மேலும் தாழ்த்துவதோடு தசைத்தளர்ச்சியையும் கூட்டலாம். அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தச் செலுத்தும் சக்சினைல்கோலினின் வேலை நீண்டுவிடலாம் என்பதால், மயக்க மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது உயிர் காக்கும் செய்தி. பயிருக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் தடுப்பதும் இதே நொதியைத்தான். வயலில் வேலை செய்யும் நோயாளியிடம் இதைக் கேட்க மறப்பது பெரும் பிழை.

எல்லாவற்றிலும் கடினமானது, இம்மருந்தின் அளவு மிஞ்சினாலும் தசை தளர்கிறது என்பதே. அப்போது எச்சில் பெருக்கும், வியர்வையும், வயிற்றுப்போக்கும், சுருங்கிய கண்பாவையும் எச்சரிக்கையாக நிற்கும். வயிற்று உபாதையைத் தணிக்க அட்ரோபின் எடுத்துக்கொள்பவரிடம் அந்த அடையாளங்களும் மறைந்துபோக, தளர்ச்சியை நோய் முற்றியதாக எண்ணி அவர் இன்னொரு மாத்திரையை விழுங்கக்கூடும். மூச்சே திணறும் நிலையில், மருத்துவர்கள் முதலில் செயற்கைச் சுவாசத்தைப் பொருத்தி, பெரும்பாலும் பைரிடோஸ்டிக்மினைச் சில நாள் நிறுத்திவைத்த பிறகே மீண்டும் சிறிய அளவில் தொடங்குகிறார்கள்.