ஒரே வீட்டில் இரண்டு ரௌட்டர்: பிரிண்டர் ஏன் கண்ணாமூச்சி ஆடுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். நம் சங்க உறுப்பினர் ஒருவர் என் வீட்டு மணியை அடித்தார். கையில் பென்டிரைவ். "சார், உங்க வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யுதா?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மகள் நின்றாள், கண் சிவந்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட்டைக் காகிதத்தில் எடுத்துப் போகாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நாக்பூரில் எங்கள் பகுதியில் ஞாயிறு இரவு எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருப்பதில்லை.

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காபி குடிக்கும்போதுதான் விஷயம் வந்தது. பிரிண்டர் வாங்கி மூன்றே மாதம். சில நாள் நன்றாக அச்சடிக்கிறது, சில நாள் "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்கிறது. முந்தின நாள்கூட அதே போனிலிருந்து அழகாக வந்ததாம். பார்க்க வந்த மெக்கானிக் "போர்டு போயிடுச்சு, 4,800 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாலை நண்பர் பொறுமை இழந்து, "நீ எதையோ நோண்டிக் கெடுத்துட்டே" என்று பெண்ணைத் திட்டியிருக்கிறார். "நான் ஒண்ணும் தொடலை தாத்தா" என்றாள் அவள் என்னிடம், மெதுவாக.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முக்கால் மணி நேரத்தில் காரணம் தெரிந்தது. பெண் எதையும் தொடவில்லை, போர்டும் போகவில்லை. வீட்டில் இரண்டு ரௌட்டர் இருந்ததுதான் வினை. இப்போது நம்மவர்கள் பலர் வீட்டிலும் இதே ஏற்பாடு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் வீடு பழைய கட்டடம், கனமான சுவர்கள். கூடத்தில் ஃபைபர் இணைப்புக்காரர்கள் மாட்டிய பெட்டி. அதிலேயே வைஃபையும் உண்டு. பின் அறைக்கு அந்த அலை எட்டாததால், புனேயில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது இன்னொரு ரௌட்டரை வாங்கி, கூடத்துப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துப் பின் அறையில் மாட்டினான். அம்மாவுக்குக் குழப்பம் வேண்டாம் என்று இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தான். நல்ல எண்ணம்தான். பிரிண்டர் பின் அறையில் அலமாரி மேல் உட்கார்ந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரௌட்டர் என்பது வெறும் பிளக் பாயின்ட் நீட்டிப்பு அல்ல. ஒவ்வொரு ரௌட்டரும் தனி ஜங்ஷன். தன் எல்லைக்குள் வரும் போன், கம்ப்யூட்டர், பிரிண்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் ஐ.பி. முகவரி. நண்பர் வீட்டில் கூடத்துப் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. பின் அறை ரௌட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. வெளிப்பார்வைக்கு ஒரே வைஃபை. உள்ளே இரண்டு தனி ராஜ்யம். (192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகங்களின் உள்உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அதே எண்கள் இருந்தும் சண்டை வருவதில்லை.)

இன்டர்நெட் இரண்டு ராஜ்யத்திலும் ஓடும். யூட்யூப் வரும், வாட்ஸ்அப் வரும். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. பிரிண்டரை மட்டும் தேடும்போது குட்டு வெளிப்படும்.

போன் எப்படிப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது? "இங்கே யாராவது பிரிண்டர் இருக்கிறீர்களா?" என்று அது ஒரு கூவல் விடுகிறது. ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அறிவிப்பு மாதிரி. அந்த ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் நிற்பவர்களுக்கு மட்டுமே கேட்கும். அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாது. ரௌட்டர்கள் இந்தக் கூவலைத் தாண்டவிடுவதில்லை. அது ரிப்பேர் அல்ல, விதியே அப்படி. எனவே பெண் பின் அறையில் படிக்கும்போது போன் அந்த ரௌட்டரில் சேர்ந்திருக்கும், பிரிண்டர் பதில் சொல்லும். கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் போன் தானாகவே கூடத்துப் பெட்டிக்கு மாறிவிடும், பிரிண்டர் "காணாமல்" போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பின் அறையில் விருந்தாளிகள். பெண் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் கதை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது ரௌட்டரை முதலாவதன் பின்னால் மாட்டினால் பாதை ஒருவழிப் பாதை ஆகிவிடும். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. பிரிண்டர் கூடத்துப் பெட்டியில் இருந்தால், பின் அறைக் கம்ப்யூட்டர் அதைத் தானாகக் கண்டுபிடிக்காவிட்டாலும், எண்ணைக் கையால் கொடுத்தால் பெரும்பாலும் அச்சடித்துவிடும். நண்பர் வீட்டில் பிரிண்டர் உள்ளே இருந்தது. கூடத்திலிருந்து எண்ணைக் கொடுத்தும் பிரயோசனமில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த நோய்தானா என்று கண்டுபிடிக்கும் வழி சுலபம். பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க் விவரத்தை அச்சடிக்கும் வசதி இருக்கும். திரை இல்லாத மாடல்களில் எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். பரவாயில்லை, மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். அந்தத் தாளில் ஐ.பி. முகவரி இருக்கும். பிறகு போனில் வைஃபை செட்டிங்கில், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் போனின் முகவரி தெரியும். சாதாரணமாக வீடுகளில் முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 192.168.1.34 என்றும் 192.168.1.60 என்றும் இருந்தால் ஒரே ஊர். 192.168.1.34 என்றும் 192.168.0.105 என்றும் இருந்தால் வேறு வேறு ஊர். பிரிண்டர் தாளில் 169.254 என்று தொடங்கினால் அதற்கு எந்த ரௌட்டரும் எண் கொடுக்கவில்லை என்று பொருள். முதலில் வைஃபை பாஸ்வேர்டைச் சரிபாருங்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்ற கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டுப் பிரிண்டரின் எண்ணை அடியுங்கள். பதில் வந்தால் பாதை சரி. அச்சு வராததற்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உள்ள பழைய பிரிண்டர் பதிவு. பதில் வராவிட்டால் பாதையில்தான் அடைப்பு. நான் மடிக்கணினியுடன் கூடத்தில் உட்கார்ந்து பிங் அடித்தேன், பதில் இல்லை. பின் அறைக்கு நடந்து போய் அதையே அடித்தேன், நான்குக்கு நான்கு பதில். 4,800 ரூபாய் அங்கேயே மிச்சமாயிற்று. சிக்னல் விழவில்லை என்றால் முதலில் கேபிளைப் பார், ரிலேயைக் கழற்றாதே என்பார் எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர்.

இனி வைத்தியம். மிகச் சுலபமானது: ஒரு ரௌட்டரின் அலையே வீடு முழுவதும் எட்டுமானால், மற்றதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். எல்லாச் சாமான்களும் ஒரே ராஜ்யத்துக்கு வந்துவிடும். நண்பர் வீட்டுச் சுவருக்கு இது சரிப்படவில்லை.

முறையான வைத்தியம், இரண்டாவது ரௌட்டரை ஜங்ஷன் பதவியிலிருந்து இறக்கி, வெறும் பிளாட்பாரமாக்குவது. இதற்கு ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று பெயர். ரௌட்டரின் அடிப்பக்க லேபிளில் உள்ள முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போனால், ஆபரேஷன் மோட் என்ற இடத்தில் அது இருக்கும். தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் ரௌட்டர் அணைந்து மீண்டும் எழும். அதன்பின் எண் கொடுக்கும் வேலை முழுவதும் கூடத்துப் பெட்டிக்குப் போய்விடும். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு அப்படியே இருக்கலாம். இப்போது அது உண்மையிலேயே ஒரே வைஃபை.

பழைய மாடல்களில் அந்த வசதி இருக்காது. நண்பருடையதும் அப்படித்தான். அப்போது கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். முதலில் இரண்டாவது ரௌட்டருக்கு வரும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரை அதன் லேன் துளையில் ஒயரால் இணையுங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அதாவது கூடத்துப் பெட்டியின் குடும்பத்தில், ஆனால் கூடத்துப் பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்காத ஓர் எண். ரௌட்டர் மீண்டும் எழுந்ததும் புது முகவரியில் உள்ளே போய், டி.எச்.சி.பி. என்ற எண் கொடுக்கும் வேலையை நிறுத்துங்கள். கடைசியாக, கழற்றிய ஒயரை 'வேன்' என்று எழுதிய தனி நிறத் துளையில் செருகாமல் (மாருதி வேன் அல்ல, வெளியுலக இணைப்புக்கான துளை), லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். தீர்ந்தது.

டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால் என்ன ஆகும்? ஒரே ரயிலுக்கு இரண்டு புக்கிங் கிளார்க்குகள், ஒருவருக்கொருவர் கேட்காமல் பெர்த் கொடுப்பது போல் ஆகும். ஒரே பெர்த்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அது முதல் கோளாறைவிட மோசம், ஏனென்றால் இன்டர்நெட்டும் விட்டுவிட்டு வரும்.

மாற்றியபின் பிரிண்டரை அணைத்து மீண்டும் போடுங்கள். புது எண் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். இதைச் செய்யாமல் "நீங்க சொன்னபடி செஞ்சும் வரலையே சார்" என்பவர்கள்தான் அதிகம். கம்ப்யூட்டர் பாவம், பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு நல்ல காரியம்: கூடத்துப் பெட்டியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒரு வசதி இருக்கும். பிரிண்டர் தாளில் உள்ள மேக் முகவரியைக் கொடுத்து, ஒரு நிரந்தர எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் எண் மாறாது. சில இணைப்புக்காரர்கள் தங்கள் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள். போன் செய்து கேட்டால் செய்து தருவார்கள், இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

எண்கள் ஒரே ஊராக இருந்தும் பிரிண்டர் தெரியாவிட்டால் வேறு சில சந்தேகங்கள். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் பிள்ளைகளின் மடிக்கணினியில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால், அது வீட்டுப் பிரிண்டரைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். துண்டித்துப் பாருங்கள், ஆனால் அலுவலக விதி என்ன என்று கேட்டுக்கொண்டு. விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் போன் சேர்ந்திருந்தால் பிரிண்டர் பொதுவாகத் தெரியாது, அதன் நோக்கமே அதுதான். விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் ஆகாது என்று பலரும் பயமுறுத்துவார்கள். ஒரே ரௌட்டரின் இரண்டு அலைகளும் சாதாரணமாக ஒரே நெட்வொர்க்தான். முதல்முறை பிரிண்டரைச் சேர்க்கும்போது மட்டும் 2.4 தேவைப்படலாம்.

அவசர இரவுக்கு ஒரு வழியும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் செய்ய நேரமில்லாதபோது யு.எஸ்.பி. கேபிளை எடுங்கள். பிரிண்டரின் பின்னால் சதுரமாக இருக்கும் துளை அதற்குத்தான். ரௌட்டர் ஒன்றல்ல, பத்து இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சில பிரிண்டர்களுடன் இந்தக் கேபிள் வருவதில்லை. கடையில் தனியாக வாங்கி அலமாரியில் போட்டு வையுங்கள். நண்பர் வீட்டில் கேபிள் இருந்தது, பிரிண்டர் வந்த அட்டைப் பெட்டிக்குள், பிரிக்காத உறையில்.

வேலை முடிந்ததும் பெண்ணைக் கூப்பிட்டு, கூடத்து சோபாவில் உட்கார்ந்து போனிலிருந்து ஒரு பக்கம் அனுப்பச் சொன்னேன். பின் அறையில் பிரிண்டர் முனகும் சத்தம் கேட்டது. நண்பர் தாளை எடுத்துவந்து அவளிடம் கொடுத்து, "உன்மேல தப்பில்லம்மா, அண்ணன் மாட்டின ஒயர்" என்றார். "அன்னிக்கே சொன்னேனே அப்பா" என்றாள். அன்று இரவே புனேக்குப் போன் போயிருக்கிறது.