தொழில் பழக்குவோர்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் இறைவன் சங்கரநாராயணர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கின்றார். ஒரு பாகம் சிவபெருமானாகவும் மற்றொரு பாகம் திருமாலாகவும் அமைந்த ஒரே திருமேனி அது. இருவேறு கூறுகள் இணைந்து ஒரு முழுமை ஆவதை அத்திருவுருவத்திற் காண்கின்றோம். கல்வியும் அத்தகையதே. ஏட்டிற் கற்பது அதன் ஒரு பாகம். தொழிற்களத்திற் கற்பது மறு பாகம். முதற் பாகத்தைப் பள்ளியாசிரியர் தருகின்றார். மறு பாகத்தைத் தருவோர் யாவர்? தொழில் நடத்தும் முதலாளியும், அங்கே கைதேர்ந்து விளங்கும் மூத்த தொழிலாளியுமே ஆவர்.

அவர்கள் அதனை எவ்வாறு தருகின்றனர் என்பதை அறியச் சங்கரன்கோவிலின் தறிக்கூடம் ஒன்றினுள் நுழைந்தாற் போதும். சங்கரன்கோவில் நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். முன்னாளிற் கைத்தறியின் ஓசை எழுந்த ஊரில், இன்று விசைத்தறியின் ஓசை மிகுதியாகக் கேட்கின்றது. பருத்திச் சேலைகள் அங்கே நெய்யப்படுகின்றன. பள்ளிப்படிப்பை முடித்து, உரிய வயதும் அடைந்த இளைஞன் ஒருவன் அக்கூடத்திற்குப் புதிதாக வருகின்றான் என்று கொள்வோம். அவன் காதில் விழுவது ஒரே இரைச்சல். ஆனால் முதிர்ந்த நெசவாளர்க்கு அவ்விரைச்சலே ஒரு மொழி. பல தறிகளை ஒருங்கே கவனித்துக்கொண்டிருக்கும் அவர், ஒரு தறியின் ஓசை சிறிது மாறினாலும் திரும்பிப் பார்க்கின்றார். பழுது எங்கே என்பதை அறிகின்றார். இவ்வறிவு எந்த ஏட்டிலும் இல்லை. அருகில் நின்று பழகியே பெறற்பாலது.

நெய்யும்போது இழை அறுதல் இயல்பு. அறுந்தவுடன் தறியை நிறுத்துதல் வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளுள் அறுந்தது எது என்று கண்டு, அதனை விழுதின் கண்ணிலும் அச்சின் இடுக்கிலும் முறைப்படி கோத்து முடிதல் வேண்டும். இடம் மாறிக் கோத்தால், ஆடையின் நெடுகிலும் ஒரு கோடு விழும். முடிச்சுப் பருத்தால், அச்சில் தட்டி இழை மறுபடியும் அறும். ஆதலின் சிறியதாயும் இறுகியதாயும் முடியக் கற்றல் நெசவின் அரிச்சுவடி எனலாம். மூத்தவர் முதலில் தாம் முடிந்து காட்டுவார். பின்னர்ப் பழகுவோன் கையைப் பற்றி முடியச் செய்வார். அதன்பின் அவனைத் தனியே முடியவிட்டுப் பார்த்திருப்பார். சுழலும் வாரின் அருகே தொங்கும் ஆடையோடு நிற்றலாகாது என்பதையும், பாய்ந்தோடும் நாடாவின் வழியிற் கைநீட்டலாகாது என்பதையும் அவர் முதல்நாளிலேயே உணர்த்துவார். உடலைக் காத்துக்கொள்ளுதல் தொழிலின் முதற் பாடம் அன்றோ?

இவ்விடத்தில் ஒன்றை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். விசைத்தறித் தொழிலில் நெய்த அளவிற்கே கூலி கிடைப்பது பெருவழக்கு. புதியவனுக்குக் கற்பிக்கும் பொருட்டு மூத்தவர் தம் தறியை நிறுத்தினால், அந்நேரத்துக் கூலியை அவர் இழக்கின்றார். புதியவன் கையால் நூல் வீணானால், அவ்விழப்பு முதலாளியைச் சார்கின்றது. கற்பித்தல் என்பது இனிய சொல் மட்டும் அன்று. ஒருவர் ஏற்கவேண்டிய செலவும் ஆகும். அச்செலவை ஏற்க ஒருவரும் முன்வராத கூடத்தில் இளைஞன் ஏவல் செய்தே காலங்கழிப்பான். தேநீர் வாங்கி வருவான், தரை கூட்டுவான், ஈராண்டு சென்றாலும் இழை முடிய அறியான். அறிவுடைய முதலாளியோ, கற்பிப்பவர் கூலி குறையாதபடி ஈடு செய்வார். கற்பவன் பிழையை ஓரளவு பொறுப்பார். வீணான நூலை அவர் விதைத்த நெல்லாகக் கருதுவார்.

சட்டமும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பழகுநர் பயிற்சி பெறுவோரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்று அச்சட்டம் வரையறுக்கின்றது. முறையான பயிற்சியும் உதவித்தொகையும் அளித்தல் முதலாளியின் கடமை. ஊக்கத்தோடு கற்றல் பழகுநரின் கடமை. செய்து முடித்த பொருளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுப் பழகுநர்க்குப் பணம் கொடுத்தல் ஆகாது என்பதும் அதில் உள்ள ஒரு விதி. இதன் நுட்பம் உணரத்தக்கது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் கை விரையும். விரையும் கை திருந்தக் கல்லாது. சிறு தொழிற்கூடங்கள் பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று இச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும், அதன் உட்கருத்து எல்லாத் தொழிற்கும் பொருந்துவதேயாம்.

தறிக்குப் பொருந்துவது கணினிக்கும் பொருந்தும். ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகின்றது. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்திலும் அந்நிறுவனம் பயிற்சி அளிக்கின்றது. பள்ளிப்படிப்பு முடித்தோரைத் தெரிந்தெடுத்து, அவர்களிடம் கட்டணம் பெறாது, உதவித்தொகையும் வழங்கிக் கற்பிக்கின்றனர். பயிற்சியின் பிற்பகுதியில் மாணவர் நிறுவனத்தின் குழுக்களோடு சேர்ந்து மெய்யான பணிகளிலேயே ஈடுபடுகின்றனர். கருவி வேறு, முறை ஒன்றே.

தம் தொழிலுக்கு ஆளைப் பழக்குவோர் நல்லோர். தம்மிடம் உள்ள இளைஞனுக்குரிய தொழில் வேறு என்று கண்டு, அதற்கு வழிவிடுவோர் அவரினும் பெரியோர். 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இராமானுசன் என்னும் இளைஞர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். சம்பளம் திங்களுக்கு 30 ரூபாய். அங்கே அவர்க்கு மேலதிகாரியாய் இருந்த நாராயண ஐயர் கணிதப் புலமை வாய்ந்தவர். தலைவராய் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பெருந்தன்மை உடையவர். இளைஞரின் திறமையை இருவரும் கண்டனர். எழுத்துவேலையில் அவரைக் கட்டிவைக்க அவர்கள் விரும்பவில்லை. அவர்களும் பிறரும் எடுத்த முயற்சியால், 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்குத் திங்களுக்கு 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914இல் அவர் இங்கிலாந்து சென்றார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். துறைமுகம் ஓர் எழுத்தரை இழந்தது. உலகம் ஒரு கணித மேதையைப் பெற்றது.

கொடுப்போர் எத்துணைப் பெரியோராயினும், கொள்வோரிடத்தும் தகுதி வேண்டும். காலந்தவறாமை, ஐயத்தை நாணாது கேட்டல், செய்த பிழையை மறையாது சொல்லுதல் என்னும் மூன்றும் பழகுநர்க்கு இன்றியமையாதன. இவற்றுள் மூன்றாவதே அரியது. முடிச்சுத் தவறியதை அப்பொழுதே சொன்னால், ஒரு சாண் துணியோடு பிழை நின்றுவிடும். அச்சத்தால் மறைத்தால், சேலை முழுவதும் பாழாகும். பிழையைச் சொல்லும் துணிவு கற்போனிடத்தும், அதனைக் கேட்கும் பொறுமை கற்பிப்போனிடத்தும் அமைதல் வேண்டும்.

பாவும் ஊடையும் தனித்தனியே கிடக்குங்கால் வெறும் நூலே. குறுக்கும் நெடுக்குமாய் இணைந்த வழியே அவை ஆடையாகி மானம் காக்கின்றன. கற்போன் ஊக்கமும் கற்பிப்போன் பொறுமையும் அவ்வாறே இணைதல் வேண்டும். இன்று இழை முடியப் பழகும் இளைஞனும் பெண்ணும் நாளை மூத்த நெசவாளர் ஆவர். அன்று புதியவர் ஒருவர் தறியருகே வந்து தயங்கி நிற்பார். அவர்க்காகத் தம் தறியைச் சற்றே நிறுத்துவதுதான், தமக்குக் கற்பித்தவர்க்கு அவர்கள் செலுத்தும் கைம்மாறு.